ஒரே பிறபொருளெதிரி உள்ள சுண்டெலியை ஏன் உருவாக்கினார்கள்?

பிரிவு: உயிரியல், உயர்தரமும் அதற்கு மேலும்

உப்புவெளி_அலை

எல்லோருக்கும் வணக்கம். நான் அடுத்த தடவை உயர்தரப் பரீட்சை எழுத இருக்கிறேன். நிர்ப்பீடனப் பாடத்தில் ஒரு கேள்வி மண்டைக்குள் இருந்து இறங்க மறுக்கிறது.

மனிதனிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. கிருமிகளைப் பிடிக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளோ கோடிக்கணக்கில் இருக்கின்றன. ரியூசன் வகுப்பில் கேட்டேன். "வி, டி, ஜே என்ற மரபணுத் துண்டுகள் மாறி மாறிச் சேரும், அதை எழுதினால் புள்ளி கிடைக்கும்" என்றார்கள். புள்ளி கிடைக்கும்தான். துண்டுகள் சேருகின்றன என்பதை யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்?

இணையத்தில் தேடப் போய் இன்னும் குழம்பிவிட்டேன். பிறபொருளெதிரிகளின் பன்மை எப்படி வருகிறது என்று அறிவதற்காக, ஏறக்குறைய ஒரே ஒரு பிறபொருளெதிரியை மட்டும் ஆக்கும் சுண்டெலியை மரபணு மாற்றி உருவாக்கினார்களாம். பன்மையைப் படிக்க வந்தவர்கள் பன்மையே இல்லாத பிராணியை ஏன் செய்ய வேண்டும்?

பரீட்சைக்காகக் கேட்கவில்லை. யாராவது பொறுமையாக விளக்கினால் நல்லது.

பழைய_சோக்கட்டி

பிள்ளை, நல்ல கேள்வி. ஓய்வுபெற்ற பிறகு இந்தத் தளத்தில் வந்து இருப்பதே இப்படிப்பட்ட கேள்விக்காகத்தான்.

முதலில் வரலாறு. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இயற்கையில் இல்லாத செயற்கைச் சேர்மங்களைப் புரதத்தோடு இணைத்து முயல்களுக்கு ஏற்றினார். முயல்கள் அவற்றுக்கும் பிறபொருளெதிரி ஆக்கின. உலகத்தில் அதுவரை இல்லாத பொருளுக்கு முயலின் மூதாதையர் எப்படி ஆயத்தமாக இருந்திருக்க முடியும்? இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒரு தரப்பினர், ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் உரிய மரபணு பெற்றோரிடமிருந்தே வருகிறது என்றார்கள். மற்றத் தரப்பினர், வருவது கொஞ்சம், மீதி நம் உடலுக்குள் வாழ்நாளில் உண்டாகிறது என்றார்கள். 1965இல் டிரையரும் பென்னெட்டும், பிறபொருளெதிரியின் ஒரு புரதச் சங்கிலியை இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஆக்குகின்றன என்று எழுதினார்கள். ஒரு புரதச் சங்கிலிக்கு ஒரு மரபணு என்று மனப்பாடம் செய்திருந்த காலம் அது. பலர் சிரித்தார்கள்.

1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சுசுமு டொனேகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் அதைக் காட்டினார்கள். சுண்டெலி முளையத்தின் டி.என்.ஏ ஒருபக்கம், பிறபொருளெதிரியை ஆக்கிக் குவிக்கும் மயலோமாக் கட்டியின் டி.என்.ஏ மறுபக்கம். இரண்டையும் ஒரே நொதியத்தால் வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முளையத்தில் மாறும் பகுதிக்கு (பிறபொருளைப் பிடிக்கும் முனை) உரிய டி.என்.ஏயும் மாறாப் பகுதிக்கு (பின்பக்கம்) உரியதும் வேறு வேறு துண்டுகளில் இருந்தன. கட்டியில் இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. பிறந்தபோது இருந்த டி.என்.ஏ அந்தக் கலத்தில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. 1987இல் டொனேகாவா ஒருவருக்கே மருத்துவ நோபல் கிடைத்தது.

கவனி, அப்போது மரபணு மாற்றிய சுண்டெலி எதுவும் இல்லை. சாதாரணச் சுண்டெலி, சாதாரணக் கட்டி. உன் இரண்டாவது கேள்வி அதற்குப் பின்னர் வந்த காலத்துக்கு உரியது. அதை இங்கே ஒருவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். மண்ணீரல், இருக்கிறீர்களா?

மண்ணீரல்

இருக்கிறேன் சேர். நேரவித்தியாசத்தால் தாமதம்.

(அலைக்கு: நான் திருகோணமலை உவர்மலையில் வளர்ந்தவள். இப்போது வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளோடுதான் வேலை. தளத்தில் எல்லோரும் "அக்கா" என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.)

முதலில் கணக்கை முடிப்போம். பிறபொருளெதிரியில் பாரச் சங்கிலி, இலேசுச் சங்கிலி என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. மனிதனின் பாரச் சங்கிலிக்கு வேலை செய்யும் வி துண்டுகள் சுமார் 40, டி 23, ஜே 6. பெருக்கினால் 5,520. இலேசுச் சங்கிலிகளின் இரண்டு வகைகளையும் (கப்பா, லம்டா) சேர்த்தால் சுமார் 320 சேர்க்கைகள். இரண்டையும் பெருக்கினால் 17 இலட்சத்துச் சொச்சம். வகுப்பில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பெருக்கல் மொத்தப் பன்மையில் சிறிய பங்குதான். துண்டுகள் ஒட்டும் இடத்தில் சில டி.என்.ஏ எழுத்துகள் கடிபடுகின்றன, புதிய எழுத்துகள் எந்த அச்சும் பார்க்காமல் செருகப்படுகின்றன. உண்மையான பெருக்கம் அந்தப் பொருத்தில்தான் நடக்கிறது. அங்கே மூன்றில் இரண்டு தடவை, எழுத்துகளை மும்மூன்றாக வாசிக்கும் சட்டகம் பிசகி அந்த இணைப்பு வீணாகிறது. உடல் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டே வேலை செய்கிறது.

இவற்றில் எது எவ்வளவு பங்களிக்கிறது என்று எப்படிப் பிரித்து அறிவது? எல்லாம் ஒரே கலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு மீதியைப் பார்ப்பது, அல்லது ஒன்றை அசையாமல் பூட்டிவிட்டு மற்றவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. மரபணு மாற்றிய சுண்டெலிகள் வந்தது இதற்காகத்தான். முளைய மூலக்கலத்தில் குறிப்பிட்ட மரபணுவைக் குறிவைத்து மாற்றி, அதிலிருந்து முழுச் சுண்டெலியை வளர்க்கும் முறைக்காகக் கபெக்கி, எவான்ஸ், ஸ்மிதீஸ் மூவரும் 2007இல் நோபல் பெற்றார்கள்.

1992இல் இரண்டு குழுக்கள் துண்டுகளை வெட்டும் ராக் என்ற நொதியத்தின் இரு பாதிகளைத் தனித்தனியே நீக்கின. ராக்-1 இல்லாத சுண்டெலி டொனேகாவாவின் ஆய்வுகூடத்தில் பிறந்தது, ராக்-2 இல்லாதது பிரெட் ஆல்டின் குழுவில் பிறந்தது. இரண்டிலும் பிறபொருளெதிரி ஆக்கும் முதிர்ந்த பி கலமும் இல்லை, நிர்ப்பீடனத்தின் இன்னொரு வகையான டி கலமும் (T, டி துண்டோடு குழப்ப வேண்டாம்) இல்லை. ஒரு பிறபொருளெதிரிகூட இல்லை. மற்றபடி மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஒழுங்கு. வடிகட்டிய காற்றும் கிருமி நீக்கிய தீனும் கொடுத்தால் நன்றாகவே வாழும்.

கோட்டை_மான்

அக்கா, குறுக்கே வருகிறேன். வானொலியின் மின்கம்பியை அறுத்தால் பாட்டு நின்றுவிடும். அதிலிருந்து பாட்டு எப்படி இயற்றப்படுகிறது என்று யாராவது சொல்ல முடியுமா? ராக் இல்லாவிட்டால் பி கலமே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சுண்டெலி பன்மையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பி கலம் வளர ராக் வேண்டும்" என்பதை மட்டும் சொல்கிறது. அந்தப் புரதம் கலம் உயிரோடு இருப்பதற்கு வேறு ஏதோ வேலை செய்கிறது என்று நான் வாதாடினால் உங்களிடம் என்ன பதில்?

சம்பல்தீவு_வாசி

மான் வந்துவிட்டது. இனிப் புல் மிஞ்சாது.

மண்ணீரல்

மானின் கேள்வியை அந்த ஆய்வாளர்களும் தங்களிடமே கேட்டார்கள். 1994இல் விடை வந்தது. ராக் இல்லாத சுண்டெலிக்கு, ஏற்கெனவே ஒட்டி முடித்த பாரச் சங்கிலி மரபணுவையும் இலேசுச் சங்கிலி மரபணுவையும் வெளியிலிருந்து கொடுத்தார்கள். ராக் அப்போதும் இல்லை. ஆனால் பி கலங்கள் வந்துவிட்டன! வந்த அத்தனை கலங்களும் அந்த ஒரே பிறபொருளெதிரியையே ஏந்தியிருந்தன. டி கலங்கள் வரவில்லை, ஏனென்றால் அவை பிறபொருளை அறியும் ஏற்பியை யாரும் ஒட்டிக் கொடுக்கவில்லை.

ஆகவே பி கலம் வளரத் தேவையானது ஒட்டி முடிந்த ஒரு மரபணு. ராக் செய்வது அந்த ஒட்டு வேலைக்கான வெட்டு. வேறு ஏதோ இரகசிய வேலையால் கலம் உயிர்வாழ்கிறது என்ற வாதம் அங்கே நிற்காது. நீக்கிப் பார்ப்பது பாதிச் சோதனை, நீக்கியதன் விளைவைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது மறு பாதி. இரண்டாவது பாதியைப் பாடப் புத்தகங்கள் ஏனோ விட்டுவிடுகின்றன.

கோட்டை_மான்

பாதி ஏற்கிறேன். மீதிக்குப் பிறகு வருவேன்.

உப்புவெளி_அலை

அக்கா, அப்படியானால் நான் வாசித்த ஒரே பிறபொருளெதிரிச் சுண்டெலி இதுதானா?

மண்ணீரல்

இல்லை. உங்களுடையது இதைவிடச் சுவையானது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தேநீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

1996இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் வாப்லின் குழு அதை வெளியிட்டது. முதல் ஆசிரியர் மரிலியா கஸ்காலியோ. மேலே சொன்ன 1994 சுண்டெலியில் வெட்டும் நொதியம் இல்லை, கொடுத்த மரபணுவும் நிறமூர்த்தத்தில் ஏதோ ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இவர்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். நொதியங்களில் கை வைக்கவில்லை. ஒட்டி முடித்த பாரச் சங்கிலி மரபணு ஒன்றை, அது இயல்பாக இருக்க வேண்டிய அதே இடத்தில், மற்ற வி துண்டுகளுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

ஆனால் மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டே, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மற்றப் பிரதி தன்பாட்டுக்குத் துண்டுகளை ஒட்டிப் புதிய பாரச் சங்கிலி ஆக்கினால் சோதனை கெட்டுவிடும். அதைச் செயலிழக்கச் செய்த விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். சுண்டெலியின் பாரச் சங்கிலித் தொகுதி 12ஆம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் எழுத்து நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதை முழுவதும் அகற்றுவது அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத வேலை. ஆனால் எந்த வி வந்தாலும், எந்த டி வந்தாலும், கடைசியில் ஒரு ஜேயோடுதான் சேர வேண்டும். சுண்டெலியில் ஜே நான்குதான், நான்கும் அருகருகே இருக்கின்றன. அந்தச் சிறிய துண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள், மீதி முழுவதும் பயனற்றுப்போனது.

பிறகு இலேசுச் சங்கிலி. சுண்டெலியின் இலேசுச் சங்கிலிகளில் மிகப் பெரும்பான்மையானவை கப்பா வகை. அதையும் நீக்கினார்கள். மிஞ்சியது லம்டா. சுண்டெலியின் லம்டாவில் வி துண்டுகள் மூன்றே மூன்று, எனவே அங்கே பெரிய வேறுபாட்டுக்கு இடமில்லை. வைத்த பாரச் சங்கிலியும் லம்டாவும் சேர்ந்தால் என்.பி என்ற ஒரு சிறிய நைத்திரோச் சேர்மத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி கிடைக்கும். இயற்கையில் எந்தக் கிருமியும் சுமந்து வராத சேர்மம். சோக்கட்டி சேர் சொன்ன லாண்ட்ஸ்டெய்னரின் வழிவந்த பொருள்தான்.

இப்போது சோதிப்பது எளிது. என்.பியில் ஒளிரும் சாயம் ஒட்டி, சுண்டெலியின் பி கலங்களோடு கலந்து, கருவியில் ஓடவிட்டால் எந்தக் கலம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று எண்ணிவிடலாம். பெரும்பாலானவை பிடித்தன, எதிர்பார்த்தபடியே. ஆனால் எல்லாம் அல்ல. ஒரு பகுதி பி கலங்கள் என்.பியைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே மரபணுவோடு பிறந்தவை வேறு எதையோ ஏந்திக்கொண்டு நின்றன.

அலை, உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சுண்டெலியில் கோடிக்கணக்கான வேறுபாடுகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று உண்டானால் அது அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். எல்லாம் ஒன்றாக இருக்கும் சுண்டெலியில் மாறிய ஒவ்வொரு கலமும் கண்ணில் படும். மாற்றத்துக்கு முன்னர் என்ன எழுத்துகள் இருந்தன என்பதும் ஒவ்வோர் எழுத்தாகத் தெரியும். பன்மையை அடக்கியது, அது எந்த வழியால் திரும்பி வருகிறது என்று பிடிப்பதற்காக.

திரும்பி வந்த வழி இரண்டு. ஒன்று, முன்னே இருந்த வேறொரு வி துண்டு, ஒட்டி முடிந்த மரபணுவின் வியை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தான் போய் அமர்கிறது. டியும் ஜேயும் அப்படியே இருக்கின்றன. பல வி துண்டுகளின் வால்பகுதியில் ராக் அடையாளம் காணக்கூடிய ஒரு குறி மறைந்திருக்கிறது, அதனால் முடிந்த வேலையையும் மறுபடி வெட்ட முடிகிறது. இரண்டு, கலம் பிரியும்போது மாறும் பகுதியில் எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறுகின்றன. கொடுத்த மரபணுவை இயல்பான இடத்தில் வைத்திராவிட்டால் முதல் வழி கண்ணில் பட்டிருக்காது, பக்கத்தில் வேறு வி இல்லாத இடத்தில் எது வந்து அமரும்?

பழைய_சோக்கட்டி

நான்கு ஜேயை எடுத்தால் முப்பது இலட்சம் எழுத்தும் முடங்கும் என்பதை இவ்வளவு காலம் கற்பித்தும் இப்படி யோசித்துப் பார்த்ததில்லை. அழகு.

சம்பல்தீவு_வாசி

அழகுதான் சேர். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. நான் மாடு, ஆடு வைத்திருக்கிறவன். பிராணியைக் கொல்லக் கூடாது என்று சொல்ல வரவில்லை. இத்தனை சுண்டெலிகளை இப்படிக் குறைபாட்டோடு பிறக்கவைத்து, முடிவில் கொன்று மண்ணீரலை எடுக்கிறார்களே, இதையெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில் கலங்களை வளர்த்துச் செய்ய முடியாதா?

மண்ணீரல்

நேர்மையான கேள்வி. சில பகுதிகளைச் செய்யலாம், செய்கிறார்கள். ராக் எந்தக் குறியில் வெட்டுகிறது என்பதைச் சோதனைக்குழாயிலேயே ஆராய முடியும். ஆனால் பிறபொருளெதிரி கூர்மையடையும் இடம் நிணநீர்க்கணுவுக்குள் தொற்றின்போது உருவாகும் முளை மையம். அங்கே பி கலம், உதவி டி கலம், பிறபொருளைப் பிடித்துக் காட்டும் வேறு கலங்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சந்தையைப் பாத்திரத்தில் முழுமையாக அமைக்க இன்னும் முடியவில்லை.

வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், கணக்கு உங்களை உறுத்த வேண்டும், என்னையும் உறுத்துகிறது. மூன்று மாற்றங்களை ஒரே சுண்டெலியில் சேர்க்கத் தலைமுறை தலைமுறையாகக் கலக்க வேண்டும். ஒவ்வொரு குட்டியின் காதிலிருந்தும் சிறு துண்டெடுத்து டி.என்.ஏ பார்ப்போம். வேண்டிய சேர்க்கை கிடைக்காத குட்டிகளே அதிகம். அவற்றின் கதி என்ன என்று கட்டுரைகளின் முறைப் பகுதியில் யாரும் எழுதுவதில்லை.

சம்பல்தீவு_வாசி

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. உடன்படவில்லை, ஆனால் புரிகிறது.

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். ஒன்றைச் சேர்க்கிறேன், தங்கச்சிக்குப் பயன்படும்.

2017இல் எங்கள் மாவட்டத்தில் டெங்கு வந்தது நினைவிருக்கும். அந்த வருடம் இலங்கை முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. கிண்ணியா பட்ட பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. டெங்குச் சோதனைப் பட்டையில் ஐ.ஜி.எம் கோடு ஒன்று, ஐ.ஜி.ஜி கோடு ஒன்று இருக்கும், இவை பிறபொருளெதிரியின் இரண்டு வகைகள். முதல் தொற்றில் ஐ.ஜி.எம் முன்னால் வரும், ஐ.ஜி.ஜி பின்னால் வரும். இரண்டாவது தொற்றில் ஐ.ஜி.ஜி வேகமாகவும் அதிகமாகவும் எழும்பும். ஒரே மாறும் பகுதி, பின்பக்கம் மட்டும் வேறு வகைக்கு மாற்றப்படுகிறது. வேலை செய்த காலத்தில் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த மாற்றத்தைச் செய்வது எது என்று அப்போது எங்களில் யாரும் கேட்டதில்லை.

அதைச் செய்வது ஏ.ஐ.டி என்ற நொதியம். ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹொஞ்சோவின் குழு 1999இல் கண்டுபிடித்து, 2000இல் அது இல்லாத சுண்டெலியை உருவாக்கியது. அந்தச் சுண்டெலியில் ஐ.ஜி.எம் தாராளமாக இருக்கிறது, ஐ.ஜி.ஜி இல்லை. மண்ணீரல் சொன்ன இரண்டாவது வழி, எழுத்துகள் அங்குமிங்கும் மாறுவது, அதுவும் இல்லை. ஒரு நொதியம் எடுபட்டதும் இரண்டு வேலைகளும் நின்றுவிட்டன. அவை ஒரே கையின் வேலை என்று அதற்கு முன் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதே ஆண்டிலேயே அதே மரபணு பழுதான மனித நோயாளிகளும் அறியப்பட்டார்கள், அவர்களிலும் அதே நிலைமை.

பழைய_சோக்கட்டி

ஹொஞ்சோ 2018இல் நோபல் பெற்றார், ஆனால் இதற்கு அல்ல. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழிவகுத்த வேறொரு மூலக்கூறுக்கு. ஏ.ஐ.டிக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

உப்புவெளி_அலை

நானா, டெங்கு இரண்டாவது தடவை வந்தால் ஆபத்து அதிகம் என்கிறார்களே, பிறபொருளெதிரி இருக்கும்போது ஏன் ஆபத்து கூட வேண்டும்? இதையும் சுண்டெலியில் பார்க்கிறார்களா?

கிண்ணியா_நானா

டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரி இன்னொரு வகையைப் பிடிக்கும், ஆனால் முடக்கும் அளவுக்குப் பிடிக்காது. அப்படி அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸை எங்கள் சொந்தக் கலங்களே பிறபொருளெதிரியின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வைரஸுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகிறது.

சாதாரணச் சுண்டெலிக்கு டெங்கு சரியாகப் பிடிக்காது. அதனால் வைரஸ் வந்ததை அறிவிக்கும் இன்டர்பெரோனை உணரும் ஏற்பிகள் நீக்கிய சுண்டெலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கு டெங்குப் பிறபொருளெதிரியைச் சிறிதளவு முன்கூட்டியே ஏற்றினால் நோய் கடுமையாவதைக் காட்டியிருக்கிறார்கள்.

மட்டுறுத்துநர்

டெங்கு பற்றிப் பொதுவாகப் பேசலாம். தனிப்பட்ட இரத்தப் பரிசோதனை முடிவுகளை இங்கே பதிந்து விளக்கம் கேட்க வேண்டாம், வைத்தியரிடம் போகவும். (ஒரு பதிவு நீக்கப்பட்டது.)

கோட்டை_மான்

மீதியோடு வந்திருக்கிறேன்.

இந்த இழை முழுவதும் ஓர் அனுமானம் ஓடிக்கொண்டிருக்கிறது: பன்மை கூடக் கூட நல்லது. அதற்கு என்ன ஆதாரம்? பொருத்தில் எழுத்துகளைச் செருகுவதுதான் பன்மையின் பெரிய ஊற்று என்று அக்கா சொன்னார். அந்தச் செருகலைச் செய்யும் நொதியத்தை நீக்கினார்களா? நீக்கினால் சுண்டெலி செத்ததா?

மண்ணீரல்

நீக்கினார்கள். டி.டி.டி என்று பெயர். 1993இல் இரண்டு குழுக்கள் அது இல்லாத சுண்டெலிகளைக் காட்டின. சாகவில்லை. பி கலமும் டி கலமும் வழமைபோல இருந்தன. பொருத்துகளில் செருகிய எழுத்துகள் மட்டும் இல்லை. பன்மை பெருமளவு சுருங்கியது, ஆனாலும் ஆய்வுகூடத்தில் பல பிறபொருள்களுக்கு நன்றாகவே பதிலளித்தன. சாதாரணச் சுண்டெலிகூடப் பிறப்பதற்கு முன்னர் அப்படித்தான் இருக்கிறது, முளையப் பருவத்தில் அந்த நொதியம் வேலை தொடங்குவதில்லை.

இப்போது மானுக்குப் பிடித்த தீனி. 1999இல் பெனடிக்டும் கேர்னியும் எதிர்த் திசையில் ஒரு சுண்டெலியை ஆராய்ந்தார்கள். டி.டி.டி இல்லாத வயதிலேயே, முளையப் பருவத்திலேயே, அந்த நொதியம் வேலை செய்யும்படி மாற்றிய சுண்டெலி. பன்மை கூடியது. ஆனால் நியூமோகொக்கஸ் பற்றீரியாவின் மேற்பரப்பில் உள்ள பொஸ்போரில்கோலினைப் பிடிக்கும் ஒரு பழைய, நம்பகமான பிறபொருளெதிரி இருக்கிறது. அது பொருத்தில் ஓர் எழுத்தும் செருகாமல் ஒட்டினால்தான் உண்டாகும். எழுத்துகள் செருகப்பட்டதும் அது காணாமல்போனது. வளர்ந்த பின்னரும் அந்தச் சுண்டெலிகளுக்கு அந்தப் பற்றீரியாவுக்கு எதிரான சரியான காவல் கிடைக்கவில்லை.

கோட்டை_மான்

இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்மை கூடியது, காவல் குறைந்தது. அக்கா, இதை முதல் பதிவிலேயே போட்டிருக்க வேண்டும்.

மண்ணீரல்

முதல் பதிவில் போட்டிருந்தால் நீங்கள் மின்கம்பியை அறுத்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்றையும் தந்துவிடுகிறேன். 2000இல் ஷூவும் மார்க் டேவிஸும், பாரச் சங்கிலிக்கு ஒரே ஒரு மனித வி துண்டு மட்டும் கொண்ட சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். டியும் ஜேயும் பல இருந்தன, ஆகவே பொருத்து மட்டும் சுதந்திரமாக மாறலாம். ஒரே வி இருந்தும் வெவ்வேறு பிறபொருள்களை அவை பிரித்தறிந்தன. பின்னர் விகாரங்கள் (எழுத்து மாற்றங்கள்) சேர்ந்தபோது பிடி வியக்கத்தக்க அளவுக்கு இறுகியது. பாரச் சங்கிலியின் பொருத்துப் பகுதிதான் அடையாளம் காண்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்ற கருத்துக்கு இது பலம் சேர்த்தது.

பழைய_சோக்கட்டி

ஒரு வி போதுமென்றால் சுண்டெலி ஏன் சுமார் நூறு வைத்துக்கொண்டிருக்கிறது? சும்மா சுமப்பதற்கா?

மண்ணீரல்

என் எண்ணத்தைச் சொல்கிறேன் சேர், இது நிறுவப்பட்ட முடிவு அல்ல. ஆய்வுகூடத்தில் நாங்கள் கொடுப்பது தூய புரதம், சிறு சேர்மம். நல்ல உதவி டி கலங்கள் இருந்தால் போதும், காலம் எடுத்து விகாரங்களால் சரிசெய்துகொள்ள முடியும். உண்மையான கிருமி அந்தக் காலத்தைத் தராது. பொஸ்போரில்கோலின் கதையில் வேலை செய்தது, பெற்றோரிடமிருந்து ஆயத்தமாக வந்த ஒரு வி, சரியான டி, ஜேயோடு கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒட்டியது. அடிக்கடி வரும் எதிரிகளுக்குப் பரம்பரையில் வந்த துண்டுகளும், இதுவரை காணாத எதிரிகளுக்குப் பொருத்தின் தாறுமாறும் என்று இரண்டையும் வைத்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. டொனேகாவாவுக்கு முன்னர் சண்டைபிடித்த இரண்டு தரப்பினரில் யாரும் முழுக்கத் தோற்கவில்லை.

கோட்டை_மான்

சுத்தமான கூட்டில், வடிகட்டிய காற்றில், தூய புரதத்துக்குப் பதிலளித்த சுண்டெலியை வைத்து "போதும்" என்று சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தடியில் பொலித்தீன் மேயும் மான்களை யாராவது ஆராய்ந்தால் வேறு விடை வரலாம். (சொந்தபந்தம், அதனால் சொல்கிறேன்.)

மண்ணீரல்

கூட்டைப் பற்றிய விமர்சனம் எங்கள் துறைக்குள்ளும் உண்டு. செல்லப்பிராணிக் கடைச் சுண்டெலிகளோடு ஆய்வுகூடச் சுண்டெலிகளை ஒன்றாக வைத்து வளர்த்தபோது, அவற்றின் நிர்ப்பீடனக் கலங்கள் வளர்ந்த மனிதருடையதை ஒத்து மாறின என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சேர்த்து வைத்தபோது ஆய்வுகூடச் சுண்டெலிகளில் ஒரு பங்கு தொற்றுகளால் இறந்தும்போயின.

அதே 2016இல் வந்த வேறொன்றை அலைக்குச் சொல்ல விரும்புகிறேன். கேப்ரியல் விக்டோராவின் குழு, பி கலங்கள் ஒவ்வொன்றும் தற்செயலாக ஒரு நிறத்தை எடுக்கும்படி மாற்றிய சுண்டெலிகளில் முளை மையங்களைப் பார்த்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் பல நிறம். நாள்கள் போகப்போகச் சில மையங்கள் ஏறக்குறைய ஒரே நிறமாயின, ஒரு கலத்தின் சந்ததி மற்றவற்றை வென்றுவிட்டது. வேறு சில மையங்கள் பல நிறமாகவே நீடித்தன. ஒரே சுண்டெலி, ஒரே ஊசி. ஏன் ஒன்றில் போட்டி சீக்கிரம் முடிகிறது, மற்றதில் இழுபடுகிறது என்பது இன்னும் சுவாரசியமான பிரச்சினை. படங்களைத் தேடிப் பாருங்கள்.

கிண்ணியா_நானா

இவ்வளவு செய்தார்களே, நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: சுண்டெலியின் பிறபொருளெதிரி மரபணுக்களை முடக்கி மனிதத் துண்டுகளை வைத்த சுண்டெலிகளிலிருந்துதான் சில மருந்துகள் வருகின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கான பனிட்டுமுமாப் 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எபோலாவுக்கான மூன்று பிறபொருளெதிரிக் கலவை 2020 ஒக்டோபரில் அனுமதி பெற்றது. தடுப்பூசி ஏற்றினால் சுண்டெலியே மனிதப் பிறபொருளெதிரி ஆக்கிக் கொடுக்கும். ஜே துண்டை நீக்குவது முதலிய வித்தைகள் அங்கேயும் பயன்பட்டன.

சம்பல்தீவு_வாசி

விலையைக் கேட்கலாமா நானா?

கிண்ணியா_நானா

கேட்க வேண்டாம். எங்கள் மாவட்டத்து வார்டில் நான் கண்டதில்லை.

உப்புவெளி_அலை

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஒரு கடைசிக் கேள்வி. ஒரே பிறபொருளெதிரிச் சுண்டெலியில் ஏ.ஐ.டியையும் நீக்கினால், வி மாற்றி அமரும் வழி மட்டும் மிஞ்சும், இல்லையா? அப்போது எவ்வளவு பன்மை அந்த ஒரு வழியால் மட்டும் வருகிறது என்று தனியாக அளக்கலாமே?

மண்ணீரல்

ஆம், ராக் இருக்கும்வரை அந்த வழி திறந்திருக்கும். லம்டாவின் மூன்று வியால் வரும் சிறிய வேறுபாட்டையும் கணக்கில் கழிக்க வேண்டும். எப்படிக் கழிப்பீர்கள் என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.

கோட்டை_மான்

கழிக்க வேண்டாம். லம்டாவையும் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள்.

உப்புவெளி_அலை

பூட்டினால், ஒட்டி முடித்த இலேசுச் சங்கிலியிலும் ஜே மிஞ்சியிருந்தால் மறுபடி ஒட்ட முயலாதா? பாரச் சங்கிலியில் செய்த மாதிரி மற்றப் பிரதியின் ஜேயை எடுக்க வேண்டும். வரைந்துகொண்டு வருகிறேன்.